பிள்ளை பார்ப்பதற்கும் உரிமமா?

"போர்ட எடுத்து உள்ள வையுங்க அக்கா, மத்தத பெறகு பாக்கலாம்." எட்டு மாதங்களுக்கு முன் ஒரு மாலை நேரத்தில் நான் சொன்ன இந்த ஒரு வரி அறிவுரை இன்றுவரை என்னை விட்டபாடில்லை. கன்னியாகுமரி மாவட்டத்துத் தக்கலையில் 23 ஆண்டுகளாக ஆவண எழுத்தராக இருக்கிறேன். பிரமாணம், அதாவது பத்திரம், எழுதுகிறவனுக்கு எதை எழுத்தில் கொண்டுவர வேண்டும் என்பது எவ்வளவு தெரிய வேண்டுமோ, அதே அளவுக்கு எதை எழுத்தில் கொண்டுவராமல் விடலாம் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். எழுதப்படாத வாடகை, எழுதப்படாத வழிப்பாதை, எழுதப்படாத பங்கு என்று இந்தக் கல்குளம் தாலுகாவில் பாதி வாழ்க்கை காகிதத்துக்கு வெளியேதான் நடந்துகொண்டிருக்கிறது. ஆகவே பதினான்கு பிள்ளைகளை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் ஒரு பெண்மணி, புதிய விதி வந்துவிட்டது என்று கைபேசியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தபோது, பெயர்ப்பலகை இல்லாவிட்டால் நிறுவனமும் இல்லை என்கிற என் தொழில் புத்திதான் முதலில் வேலை செய்தது.

அவரை அக்கா என்றே இங்கே குறிப்பிடுகிறேன். வயது 61. பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் வரும் சானலின் (கால்வாயின்) கரையில் ஐந்து சென்ட் நிலத்தில், பின்பாதி ஓடும் முன்பாதி கான்கிரீட்டுமாக அவருடைய வீடு இருக்கிறது. இளமையில் 19 ஆண்டுகள் அண்டி ஆபீஸில், அதாவது முந்திரி ஆலையில், கொட்டை உடைக்கும் தல்லு வேலை பார்த்தவர். தோட்டு எண்ணெய் பட்ட விரல்களின் கருமை இன்னும் முழுவதும் போகவில்லை. தம் பிள்ளைகளைப் பக்கத்து வீட்டுக் கிழவியிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போன அந்த நாட்களின் நெஞ்சிடிப்பை அவர் மறக்கவில்லை என்பதால், ஆலையை விட்டு நின்றதும் முதலில் அண்ணன் மகளின் குழந்தையையும், பிறகு அவளுடன் வேலை பார்த்தவளின் குழந்தையையும் பார்த்துக்கொள்ளத் தொடங்கினார். அப்படியே அது பதினான்காக வளர்ந்தது. மிகச் சிறியதற்கு ஒன்பது மாதம், மிகப் பெரியதற்கு நான்கு வயது. தாய்மாரில் தனியார் மருத்துவமனைச் செவிலியர் இருவர், ஜவுளிக்கடையில் நிற்பவர் மூவர், அண்டி ஆபீஸுக்குப் போகிறவர்கள் ஐந்தாறு பேர். ரப்பர் பால்வெட்டுக்குப் போகும் ஒரு தம்பதி விடியும் முன்னரே தூங்குகிற பிள்ளையைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்து கிடத்திவிட்டுப் போவார்கள். அங்கன்வாடி நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது திறக்கும் நேரத்துக்கு ரப்பர் மரம் காத்திருக்காது, அது மூடும் நேரத்துக்கு ஜவுளிக்கடை விடாது. இந்த இடைவெளியில்தான் அக்காவின் வீடு நின்றுகொண்டிருந்தது.

அவருடைய கைபேசிக்கு யாரோ அனுப்பியிருந்த வாட்ஸ்அப் செய்தியில், குழந்தைகளைப் பராமரிக்கும் எல்லா இடங்களும் உடனே பதிவு செய்துகொள்ள வேண்டும், தவறினால் ஓராண்டுச் சிறை, ஒரு லட்சம் ரூபாய் அபராதம் என்று இருந்தது. சட்டத்தின் பெயர் இல்லை, அலுவலகத்தின் பெயர் இல்லை, தேதியும் இல்லை. அக்கா அதை இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "பிள்ளைய பாக்கதுக்கும் லைசன்ஸ் வேணுமாக்கும்?" என்றார். அதில் கோபத்தைவிட வியப்பே மிகுந்திருந்தது. நான் சிரித்தேன், பிறகு அந்த அறிவுரையைச் சொன்னேன். மறுநாள் காலையில் அவருடைய மருமகன் நீல எழுத்தில் எழுதிக் கொடுத்திருந்த தகரப் பலகை சுவரிலிருந்து இறங்கி, விறகுப் புரைக்குப் போய்விட்டது.

எந்தச் சட்டம்?

அடுத்த சில வாரங்களில் வேலை இல்லாத பிற்பகல்களில் அந்தச் செய்தியின் மூலத்தைத் தேடத் தொடங்கினேன். சிறைத் தண்டனையும் ஒரு லட்சமும் கற்பனை அல்ல. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தில் 41ஆவது பிரிவு குழந்தைகள் பராமரிப்பு நிறுவனங்கள் பதிவு செய்தாக வேண்டும் என்கிறது; 42ஆவது பிரிவு பதிவு செய்யாமல் நடத்துகிறவருக்கு ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சத்துக்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும் என்கிறது; விண்ணப்பிக்கத் தாமதமாகும் ஒவ்வொரு முப்பது நாளும் தனிக் குற்றமாக எண்ணப்படும். ஆனால் அந்தச் சட்டம் பராமரிப்பு நிறுவனம் என்று சொல்வது ஆதரவற்ற பிள்ளைகளும் சட்டத்துடன் முரண்பட்ட பிள்ளைகளும் தங்கவைக்கப்படும் இல்லங்களை. காலையில் தாய் கொண்டுவந்து விட்டு, மாலையில் தாயே தூக்கிக்கொண்டு போகும் வீடு அந்த வரையறைக்குள் வராது. தமிழ்நாட்டில் 2014இல் வந்த விடுதிகள், இல்லங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி ஆட்சியரிடம் உரிமம் பெற வேண்டும் என்றும் ஒருவர் சொன்னார். அதுவும் பெண்களும் பிள்ளைகளும் இரவு தங்கும் இடங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. இத்தனையையும் வாசித்து முடித்தபோது, நான் வாசிக்காமலேயே சொன்ன அறிவுரை தற்செயலாகச் சரியாகிவிட்டது என்று ஒரு சின்னத் திருப்திகூட எனக்கு ஏற்பட்டதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

பள்ளியின் பக்கமிருந்து வந்தபோதுதான் சிக்கல் தொடங்கியது. விளையாட்டுப் பள்ளிகளுக்கென்று தமிழ்நாடு அரசு 2015இல் தனி நெறிமுறை கொண்டுவந்தது. 2017இல் தேசியக் குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையமும் தனியார் விளையாட்டுப் பள்ளிகளுக்கான வழிகாட்டுதல்களை வெளியிட்டது. ஆணையம் சொல்லும் கணக்கு தெளிவானது: மூன்று முதல் ஆறு வயது வரையுள்ள பிள்ளைகள், நாளொன்றுக்கு மூன்று அல்லது நான்கு மணி நேரம், இருபது பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியையும் ஒரு பராமரிப்பாளரும். இந்தக் கணக்கை அக்காவின் வீட்டின் மீது வைத்துப் பார்த்தால் எந்தப் பக்கமும் ஒட்டவில்லை. பதினான்கு பேரில் ஒன்பது பேர் மூன்று வயதுக்குக் குறைந்தவர்கள். வீடு இயங்குவது விடியற்காலை முதல் அந்தி வரை. எண்ணும் எழுத்தும் அங்கே யாரும் கற்பிப்பதில்லை. கஞ்சியும் பயறும், குளியல், உறக்கம், மீண்டும் ஒரு வாய்ப் பால், அவ்வளவுதான். அப்படியென்றால் அது பள்ளியும் இல்லை, இல்லமும் இல்லை, விடுதியும் இல்லை.

குழந்தைகள் காப்பகம் என்ற சொல்லுக்கு நேராக வரும் சட்டம் வேலை கொடுப்பவரின் பக்கத்தில் இருக்கிறது. மகப்பேறு நலச் சட்டத்தில் 2017இல் செய்த திருத்தம், ஐம்பது அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் வேலை பார்க்கும் நிறுவனம் காப்பக வசதி செய்து தர வேண்டும், தாய் நாளொன்றுக்கு நான்கு முறை போய்ப் பிள்ளையைப் பார்க்க அனுமதிக்க வேண்டும் என்றது. அதற்கும் வெகு முன்பே, 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் ஆலைக்குள் காப்பகம் கேட்டது. 1976க்குப் பிறகு முப்பது பெண்களுக்கு மேல் வேலை பார்த்தாலே அந்தக் கடமை உண்டு. 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தபின் அளவுகோல் ஐம்பது தொழிலாளர் என்று மாறியிருக்கிறது. ஆணும் பெண்ணும் சேர்த்து எண்ணுவது நல்லதுதான், ஆனால் முப்பத்தைந்து பெண்கள் மட்டும் உட்கார்ந்து தோல் உரிக்கும் ஆலை இனி எந்தப் பக்கம் நிற்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். அக்காவின் வீட்டுக்கு வரும் தாய்மாரில் பலர் பத்துப் பேர்கூட இல்லாத கொட்டகைகளில் வேலை பார்க்கிறார்கள். அவர்களைப் பொறுத்தவரை முப்பதும் ஐம்பதும் ஒன்றுதான். மத்திய அரசு 2018இல் வெளியிட்ட காப்பக வழிகாட்டுதல்களை வாசித்தபோது மட்டும், ஆறு மாதக் குழந்தை முதல் எண்ணும் ஒரு காகிதம் கண்ணில் பட்டதே என்று கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. ஆனால் வழிகாட்டுதலை எடுத்துக்கொண்டு எந்த மேசைக்குப் போவது?

சாவி

இதற்கிடையே, செவிலியராக இருக்கும் ஒரு தாய் தன் குழந்தையை அழைத்துக்கொண்டு போய்விட்டாள். சண்டை ஒன்றும் இல்லை. "அக்கா, போர்டு இருந்த எடத்துல இப்போ ஆணி மட்டும் நிக்குது, அனுமதி இல்லாத எடமோன்னு வீட்டுல கேக்காவ" என்று சொல்லியிருக்கிறாள். அக்கா என்னிடம் வந்து, முகத்தைப் பார்க்காமல், "தம்பி, மறைச்சு வைக்கதுக்கு நான் என்ன களவா செய்யேன்?" என்றார். நான் அன்றே ஓர் அலுவலகத்திலிருந்து விளையாட்டுப் பள்ளிக்கான விண்ணப்பப் படிவத்தின் நகலை வாங்கினேன். பொருந்தாத படிவம் என்று தெரியும். ஆனால் வேறு படிவம் இல்லை. ஒரு புதன்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு, அதை நிரப்புவதற்காகச் சானல்கரைக்குப் போனேன்.

முன்வாசலில் கம்பிக் கதவு பூட்டியிருந்தது. கூப்பிட்டேன், பதில் இல்லை. உதவிக்கு இருக்கும் பெண் பால் வாங்கக் கடைக்குப் போயிருக்கிறாள் என்பது பிறகு தெரிந்தது. கூடத்தில் ஏழெட்டுப் பிள்ளைகள் பாயில் உறங்கிக்கொண்டிருந்தார்கள். தொட்டில் ஒன்று தானாக ஆடி நின்றது. மூன்று வயதுப் பையன் ஒருவன் எழுந்து வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தான். "அம்மச்சி எங்க மக்ளே?" என்று கேட்டேன். "அம்மச்சி அங்க" என்று பின்பக்கம் கையைக் காட்டினான். அவன் தலைக்கு மேலே, சுவரில், கதவு நிலைக்கும் மேலான உயரத்தில் ஓர் ஆணியில் சாவி தொங்கியது. அவனுக்கு எட்டாது, வெளியே நின்ற எனக்கும் எட்டாது. பிள்ளைகள் எடுத்துவிடக் கூடாது என்றுதான் அவ்வளவு உயரத்தில் மாட்டியிருந்தார். நான் அங்கே நின்றது பத்து நிமிடம்கூட இருக்காது. அந்த நேரத்தில் அந்தப் பையன் ஒருமுறை சாவியைப் பார்த்தான், ஒருமுறை என்னைப் பார்த்தான், பிறகு போய்ப் படுத்துக்கொண்டான்.

வயிற்றுப்போக்கு வந்த ஒரு குழந்தையைப் பின்பக்கக் குளியலறையில் கழுவிவிட்டுக்கொண்டிருந்த அக்கா, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து கதவைத் திறந்தார். படிவத்தை விரித்தேன். கட்டடத்தின் பரப்பு, கழிப்பறை, குடிநீர் என்று ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டு வந்தபோது, வெளியேறும் வழிகள் எத்தனை என்ற கேள்வி வந்தது. "ரெண்டு. முன்வாசல், பின்வாசல்" என்றார் அக்கா. பின்வாசல் திறந்திருக்கிறதா என்று கேட்டேன். "அதெப்படி திறந்து போடுவேன்? பின்னால சானலாக்கும்" என்றார். அந்தப் பூட்டின் சாவி அவருடைய முந்தானை முடிச்சில் இருந்தது. அவர் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர் என்பது எனக்கு வெகு நாளாகத் தெரியும். போன கார்த்திகையில் ஒருநாள் தலைசுற்றி விழுந்ததை அவரே சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார். நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "அக்கா, இன்னைக்கு நான் வெளிய நின்ன நேரத்துல நீங்க உள்ள விழுந்து கெடந்திருந்தா?" என்று கேட்டேன்.

அவர் பதில் சொல்லவில்லை. குழந்தையைப் பாயில் கிடத்தினார். முற்றத்தில் போய் நின்றார். முகத்தைச் சேலையால் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தபோது முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சாவியைப் படிவத்தின் மேலேயே வைத்தார். பிள்ளைகளிடம் அவருக்கு இருந்த அன்பைப் பற்றி எனக்கு எந்த ஐயமும் இல்லை. அந்த இரண்டு பூட்டையும் போட வைத்தது அந்த அன்புதான். தண்ணீர் பயத்தில் பூட்டியது தீயின்போதும் பூட்டியே இருக்கும் என்று அவரிடம் கேட்க ஓர் ஆள் இல்லை. நான் கேட்டிருக்க வேண்டும். எத்தனை முறை அந்தக் கம்பிக் கதவின் வழியே நுழைந்து, அவர் தரும் கட்டன்சாயாவைக் குடித்துவிட்டு வந்திருக்கிறேன்! அந்தக் கேள்வியை என்னிடமிருந்து வரவழைத்தது எனக்கும் அவருக்கும் பொருந்தாத, யாரோ எழுதிய, மங்கலாக நகலெடுத்த ஒரு காகிதம். நான் அவருக்கு ஒதுங்கச் சொல்லிக்கொடுத்தது அந்தக் காகிதத்திடமிருந்துதான்.

தீயும் தண்ணீரும்

2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகள் தீயில் இறந்ததை நினைக்காமல், தமிழ்நாட்டில் பிள்ளைகள் இருக்கும் எந்தக் கட்டடத்தின் விதியையும் புரிந்துகொள்ள முடியாது. கீற்றுக் கூரைகள் இறங்கியது, படிக்கட்டின் அகலத்தை அளக்கத் தொடங்கியது, தாசில்தார் தரும் கட்டட உரிமம், பொறியாளர் தரும் உறுதிச் சான்று, சுகாதாரச் சான்று, தீயணைப்புத் துறையின் சான்று என்று நான்கையும் ஒரே கோப்பில் கேட்பதில் கண்டிப்பு வந்தது, எல்லாவற்றுக்கும் பின்னால் அந்த ஒரு நாளின் புகை இருக்கிறது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் அன்று படிவத்தை முதலிலிருந்து கடைசிவரை மூன்று முறை புரட்டியும், பக்கத்தில் குளமோ சானலோ கிணறோ உண்டா என்று கேட்கும் ஓர் இடத்தைக்கூட அதில் காணவில்லை. குளங்களும் சானல்களும் வீட்டுக்கொரு கிணறுமாகக் கிடக்கும் நம் மாவட்டத்தில், ஜூன் மாதம் அணை திறந்தால் கரை நிறைய ஓடும் தண்ணீர் வாசலுக்கு முப்பது அடியில் இருக்கும்போது, அக்கா பயந்தது சரியான ஆபத்துக்குத்தான். படிவத்துக்குத் தீ தெரிந்திருந்தது, அக்காவுக்குத் தண்ணீர் தெரிந்திருந்தது. இரண்டையும் ஒரே மேசையில் உட்காரவைக்க எட்டு மாதம் ஆயிற்று என்பதுதான் என் வருத்தம்.

பொறியாளர் ஒருவரை அழைத்துவந்து காட்டினேன். சுவர் நன்றாக இருக்கிறது, பின்பாதி ஓட்டின் கழுக்கோல் மூன்றை மாற்ற வேண்டும் என்றார். வீடாக இருக்கும் கட்டடத்தைப் பொதுக் கட்டடமாகக் காட்டினால் வீட்டு வரி மாறும், மின் கட்டண விகிதம் மாறும் என்று இன்னொருவர் பயமுறுத்தினார். அக்கா ஒரு பிள்ளைக்கு மாதம் 1,500 ரூபாய் வாங்குகிறார். அண்டி ஆபீஸ்காரர்களிடம் ஆயிரம்தான், அதுவும் கூலி கிடைத்தால். உதவிப் பெண்ணுக்கும் பாலுக்கும் முட்டைக்கும் போக மிஞ்சுவதில் நான்கு சான்றிதழ்களுக்கும் அலைச்சலுக்கும் இடம் இல்லை. முடியாது என்று அவர் கதவைச் சாத்தினால் பதிமூன்று பிள்ளைகளும் வேறோர் உரிமம் பெற்ற இடத்துக்குப் போய்விடுவார்கள் என்று அலுவலகத்தில் நினைக்கலாம். எனக்குத் தெரியும், அவர்கள் போகப்போவது எட்டு வயது அக்காளிடம், அல்லது பார்வை மங்கிய பாட்டியிடம். ஆகவே பள்ளிக்கான அளவுகோலை இறக்கித் தாருங்கள் என்று நான் கேட்கமாட்டேன். வீட்டில் வைத்துப் பார்க்கும் இடம் என்று தனியாக ஒரு வகை வேண்டும். அங்கே சதுர அடிக்கு முன்னால் கைகளை எண்ண வேண்டும். எழுந்து நடக்காத குழந்தைகள் எத்தனை, அவர்களைத் தூக்கிக்கொண்டு ஓட எத்தனைப் பெரியவர்கள் என்று. மாதம் ஒருமுறை தடுப்பூசிக்காக அந்தத் தெருவுக்கு வரும் கிராம சுகாதாரச் செவிலியர் கம்பிக் கதவைத் தட்டிப் பார்த்து ஒரு கையெழுத்துப் போட்டாலே, நான் வாங்கிக் கொடுக்கும் நான்கு சான்றுகளைவிட அது உதவும். இதை எழுத்தில் எழுதித் தரச் சொன்னார்கள், எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஓர் அலுவலகம் இது பள்ளி இல்லை என்று திருப்பியது, அடுத்த அலுவலகம் இது இல்லம் இல்லை என்று திருப்பியது. மூன்றாவது இடத்தில் இப்போது கோப்பு இருக்கிறது. வாங்கி வைத்துக்கொண்டவர், யாரிடம் அனுப்புவது என்று என்னிடமே கேட்டார்.

இடையில் பலகை மீண்டும் சுவருக்கு வந்துவிட்டது. பதிவுக்கு விண்ணப்பித்துள்ளது என்று அதன் கீழே அக்கா ஒரு வரி சேர்த்து எழுதச் சொன்னார். பொய் இல்லாத வரி என்பதால் நானே எழுதினேன். பலகையைப் பார்த்தோ என்னவோ, செவிலியரின் குழந்தை போன மாதம் திரும்பி வந்தது. பால்வெட்டுக்குப் போகிறவர் இரண்டு ஞாயிற்றுக்கிழமை செலவழித்துச் சானல் பக்கம் ஐந்தடி உயரத்துக்குக் கம்பிவலை அடித்துக் கொடுத்தார், கூலி வாங்கவில்லை. வலை வந்தபின் பின்வாசலுக்குப் பூட்டுத் தேவைப்படவில்லை, உயரத்தில் ஒரு கொண்டி போதும் என்றாயிற்று. முன்கதவுக்குத் தக்கலையில் மூன்று சாவி வெட்டினோம். ஒன்று எதிரே சாயாக்கடையில், ஒன்று அடுத்த வீட்டில், ஒன்று உதவிப் பெண்ணின் இடுப்பில். கடைசிச் சாவியைக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தபோது அக்கா படிவத்தின் நகலை எடுத்துத் தந்து, கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு கேட்டார்: "தம்பி, இதுல வழி எத்தனைன்னு கேட்டிருக்கு. சாவி எத்தன, யாருட்ட இருக்குன்னு எங்கயும் கேக்கல்லியே. அத எங்க எழுத?"

கோப்பின் ஓரத்தில் இடம் இருந்தது. அங்கே எழுதினேன்.